விதையும் சொல்லும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேகமலை அடிவாரத்துப் பக்கமாக அமைந்துள்ள பேரூராட்சி ஓடைப்பட்டி. கம்பம் பள்ளத்தாக்கு என்றவுடன் வெளியூர் நண்பர்களின் நினைவுக்கு வருவன 1895-இல் திறக்கப்பெற்ற முல்லைப் பெரியாறு அணையும், அதன் நீரால் விளையும் இருபோக நெல்வயல்களும், தென்னந்தோப்புகளும்தாம். ஆனால் இதே பள்ளத்தாக்கில் ஆற்றுநீர் எட்டாத புஞ்சை நிலங்களும் உண்டு. ஓடைப்பட்டியைச் சுற்றியுள்ள நிலங்களில் பெரும்பகுதி அத்தகையதே. இன்று அந்நிலங்களில் கல்தூண் நட்டு, கம்பிப் பந்தல் போட்டு, கிணற்று நீரைக் கொண்டு திராட்சை வளர்க்கிறார்கள். ஓடைப்பட்டித் திராட்சைக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இது மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆயினும் தாவரவியல் பயில்வோர் என்ற முறையில் நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பன்னீர் திராட்சை என்று நாம் அழைப்பது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இரகம். பிளாக் ஹாம்பர்க், மஸ்கட் ஆஃப் அலெக்சாந்திரியா என்ற இரண்டின் கலப்பில் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தோன்றியது. கடல் கடந்து வந்த கொடிக்கு நம் ஊர்ப்பெயர் கிடைத்துவிட்டது. அக்கொடி வருவதற்கு முன் இதே புஞ்சை மண்ணில் தலைமுறை தலைமுறையாக விளைந்த சோளமும் கம்பும் மொச்சையும் எத்தனை இரகங்களாக இருந்தன? எந்தப் பட்டத்தில் விதைத்தார்கள்? எப்படிச் சேமித்தார்கள்? எப்படிச் சமைத்தார்கள்? இவற்றிற்கான விடைகளில் மிகுதியானவை எழுத்தில் ஏறவில்லை. நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன.

ஒரு பயிர் இரகத்தைக் காப்பது என்றால் விதையை ஒரு புட்டியில் இட்டு மூடுவது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். விதையைப் பற்றிய சொல்லையும் சேர்த்துக் காத்தால்தான் அந்த வேலை முழுமை பெறும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாரம்பரிய இரகம் என்பது யாது?

ஒரு வட்டாரத்து உழவர்கள் தம் வயலிலிருந்தே ஆண்டுதோறும் விதை பொறுக்கி, மீண்டும் அதே மண்ணில் விதைத்து, நெடுங்காலமாகப் பேணி வந்த பயிரே பாரம்பரிய இரகம். அவ்வயலில் நிற்கும் செடிகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை போல் இருப்பதில்லை. உயரத்திலும் கதிரிலும் வறட்சி தாங்கும் ஆற்றலிலும் சிறுசிறு வேறுபாடுகள் இருக்கும். மழை குறைந்த ஆண்டில் சில செடிகள் தப்பும். பூச்சி மிகுந்த ஆண்டில் வேறு சில தப்பும். தப்பியவற்றின் விதை அடுத்த ஆண்டுக்குச் செல்லும். இங்ஙனம் இயற்கையும் உழவரும் சேர்ந்து தேர்வு நடத்துகின்றனர்.

கடையில் வாங்கும் வீரிய ஒட்டு இரகம் இதனின்றும் வேறுபட்டது. அது இரு பெற்றோரின் முதல் தலைமுறைக் கலப்பு. அதன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து விதைத்தால் இரண்டாம் தலைமுறையில் குணங்கள் பிரிந்துவிடும் என்பதை மெண்டலின் விதிகளைப் படித்த நாம் அறிவோம். ஆகவே உழவர் ஆண்டுதோறும் விதைக்காகக் கடைக்குச் செல்ல நேரிடுகின்றது. விதை பொறுக்கும் வேலை வீட்டைவிட்டு அகன்றதும், அதற்குரிய கண்ணும் கையும் பழக்கம் இழக்கின்றன.

பெயருக்குள் ஒரு பாடம்

தென்மாவட்டங்களில் வழங்கிய சோளப் பெயர்களில் தலைவிரிச்சான் என்பது ஒன்று. கதிர் இறுகித் திரளாமல் கூந்தலை அவிழ்த்துவிட்டாற்போல் விரிந்து தொங்குவதால் அப்பெயர். இதை வெறும் உருவ வருணனை என்று கொள்ளலாகாது. விரிந்த கதிரில் காற்றுப் புகும்; மழை பெய்தாலும் விரைவில் உலரும்; எனவே மணிகளில் பூஞ்சாணம் பிடிப்பது குறையும். கதிர்ப் புழு ஒளிந்திருக்க இடம் கிடைப்பதும் அரிது. தளர்ந்த காம்பில் பறவை உட்கார்ந்து கொத்துவதும் எளிதன்று. அறுவடைக் காலத்தில் மழை வரக்கூடிய இடத்திற்கு இத்தகைய கதிரே ஏற்றது என்பது அப்பெயரின் உட்பொருள்.

இதைப் போலவே, செந்நிற மணி கொண்ட சோளங்கள் சிலவற்றைக் குருவிகள் அவ்வளவாக விரும்புவதில்லை. அவற்றின் மணித்தோலில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் அதற்குக் காரணம்.

இளஞ்சோளப் பயிரில், அதிலும் மழையின்றி வாடிய பயிரிலும் மறுதாம்பிலும், மாட்டை மேயவிடக் கூடாது என்பதைக் கிராமத்துச் சிறுவர்களும் அறிவார்கள். இளஞ்சோளத்தில் துரின் என்ற வேதிப்பொருள் உண்டு. மாடு மென்றதும் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு என்னும் நஞ்சு வெளிப்படும். ஆய்வகம் கண்டு சொன்ன இச்செய்தியை மாட்டைப் பறிகொடுத்த அனுபவத்தால் நம் முன்னோர் அறிந்திருந்தனர். சோள விதை நம் கைக்கு வந்து, இந்த எச்சரிக்கை வராமற்போனால் என்னவாகும் என்பதை நண்பர்களே எண்ணிப் பாருங்கள்.

பட்டமும் பகல் நீளமும்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நாம் அனைவரும் கேட்ட பழமொழி. பட்டம் தவறினால் நட்டம் என்றும் சொல்வார்கள். இதில் மழைக் கணக்கு இருப்பது வெளிப்படை. அதற்கும் மேலாகத் தாவர உடலியல் சார்ந்த ஒரு கணக்கும் உண்டு.

நம் பழைய மொச்சை, பழைய சோளம், சம்பா நெல் ஆகியவற்றுள் பல குறும்பகல் தாவரங்கள். பகற்பொழுது குறைந்து இரவு நீளும்போதுதான் அவை பூக்கும். முன்னதாக விதைத்தாலும் பின்னதாக விதைத்தாலும் பூக்கும் காலம் பெரிதும் மாறுவதில்லை. ஆகவே விதைக்கும் நாளைப் பொறுத்தே செடி பூப்பதற்கு முன் எவ்வளவு வளரும் என்பது அமைகின்றது. மிக முன்னதாக விதைத்தால் தழை மிகும். மிகப் பின்னதாக விதைத்தால் செடி குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும். பட்டம் என்பது இவ்விரண்டிற்கும் நடுவே உழவர்கள் கண்டறிந்த நாள். தைப்பொங்கலை ஒட்டிப் பச்சை மொச்சை நம் சந்தைக்கு வருவதும், அப்பருவத்தில் மொச்சைக் குழம்பு இல்லாத வீடு அரிதாக இருப்பதும் இந்தப் பகல் நீளக் கணக்கின் விளைவே.

இத்தகைய விதையை ஒருவர் பட்டம் அறியாமல் மாசியில் விதைத்தால் செடி தழைத்துக்கொண்டே போகும், காய் பிடிக்காது. "நாட்டு விதை உதவாது" என்று அவர் தூக்கி எறிவார். விதையில் குறை ஏதுமில்லை. அதனுடன் வரவேண்டிய சொல் வரவில்லை.

குதிரும் குடுக்கையும்

விதை சேமிக்கும் முறைகளிலும் இதையே காண்கிறோம். சோள அறுவடைக்கு முன்பே காட்டில் நடந்து, நல்ல கதிர்களைத் தனியே கொய்து, அடுப்படிக்கு மேலே புகைபடக் கட்டித் தொங்கவிடுவது ஒரு முறை. துவரைக்குச் செம்மண் கரைசல் பூசிக் காயவைப்பது மற்றொன்று. பயறுகளுக்குச் சாம்பல் புரட்டுவதும், ஆமணக்கெண்ணெய் தடவுவதும், தானியப் பானையில் வேப்பிலையும் நொச்சி இலையும் இடுவதும், காய்கறி விதைகளை உலர்ந்த சுரைக்குடுக்கையில் அடைப்பதும் நம் பகுதியில் வழங்கிய வழக்கங்கள்.

இவற்றின் விஞ்ஞானம் எளியது. விதையின் ஈரம் 1 விழுக்காடு குறையும்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது ஹாரிங்டன் என்ற விதையியலறிஞர் வகுத்த பொது விதி. அடுப்பின் வெப்பமும் புகையும் ஈரத்தைக் குறைத்து, பூச்சியையும் விலக்குகின்றன. பயறு வண்டு தன் முட்டையைப் பயற்றின் மேற்பரப்பில் ஒட்டவைக்கும். எண்ணெய்ப் பூச்சு அம்முட்டைக்குக் காற்றுச் செல்லாமல் தடுக்கும். நுண்ணிய சாம்பல் வண்டின் மேற்தோலை உராய்ந்து, அதன் உடல் நீரை வற்றச் செய்யும்.

எத்தனை கதிர்களிலிருந்து விதை எடுக்க வேண்டும் என்பதும் பயிருக்குப் பயிர் மாறும். நெல் தன் மகரந்தச் சேர்க்கை உடையது. ஆகவே அதன் இரகம் எளிதில் கலப்பதில்லை. கம்பில் சூல்முடி முதலில் வெளிவந்து, மகரந்தப்பை பின்னரே வெளிவரும். காற்றினால் அயல் மகரந்தச் சேர்க்கை நடைபெறும். ஒன்றிரண்டு கதிர்களிலிருந்து மட்டும் விதை எடுத்தால் நாளடைவில் பயிர் வீரியம் குன்றும். பல கதிர்களைக் கலந்து எடுக்க வேண்டும்; பக்கத்துக் காட்டில் வேறு கம்பு நின்றால் ஓரத்துக் கதிர்களை விலக்க வேண்டும். இப்பணிகளைப் பெரும்பாலும் செய்து வந்தவர்கள் பெண்கள். ஆயினும் உழவு பற்றிய நூல்களில் அவர்களுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது.

ஒரே இரகம் என்னும் ஆபத்து

அதிக விளைச்சல் தரும் ஓர் இரகம் இருக்கும்போது பல இரகங்கள் எதற்கு என்று கேட்கலாம். இதற்கு வரலாறு விடை தருகின்றது.

அயர்லாந்தில் ஏழை உழவர்கள் லம்பர் என்ற ஒரே உருளைக்கிழங்கு இரகத்தை நம்பி வாழ்ந்தனர். கிழங்கினால் பெருக்கப்படும் பயிர் ஆதலின் அத்தனை செடிகளும் மரபு வழியில் ஒரே உடல். 1845-இல் தோன்றிய கருகல் நோய் அவற்றை ஒருசேர அழித்தது. தொடர்ந்த பஞ்சத்திலும் நோயிலும் ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் மாண்டனர். 1970-இல் அமெரிக்காவில் மக்காச்சோளத்தை இலைக்கருகல் தாக்கியபோது நாட்டின் விளைச்சலில் ஏறத்தாழ 15 விழுக்காடு அழிந்தது. வீரிய ஒட்டு இரகங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் ஒரே வகைச் சைட்டோபிளாசம் இருந்ததே காரணம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லின் கீழ்ப்பழனி மலையில் விளையும் விருப்பாட்சி மலைவாழையை எடுத்துக்கொள்வோம். வாழையும் பக்கக் கன்றினால் பெருகுவது. 1970-களில் பரவிய முடிக்கொத்து நோய் அம்மலைத் தோட்டங்களைப் பெருமளவு அழித்தது. நோய் தாக்கிய கன்றுகளை அறியாமல் நட்டதாலும், அசுவினிப் பூச்சியாலும் வைரஸ் தோட்டம் விட்டுத் தோட்டம் தாவியது. பின்னர் திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகளை உண்டாக்கி அதனை மீட்கும் முயற்சி நடந்தது. 2008-இல் விருப்பாட்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. மலையில் அந்த வாழையின் தன்மை அறிந்து அதைக் கைவிடாத உழவர்கள் சிலர் எஞ்சியிருந்தமையால் ஆய்வகத்தால் உதவ முடிந்தது.

நம் ஊர்த் திராட்சையும் போத்து நட்டு வளர்ப்பதே. ஒரு தோட்டத்துக் கொடிகள் அனைத்தும் ஒரே தாய்க்கொடியின் துண்டுகள் என்பதை நாம் மறத்தலாகாது.

புதிய இரகத்திற்கும் தாய் உண்டு

பழைய இரகங்களைப் போற்றுவது புதிய விஞ்ஞானத்திற்கு எதிரானது என்று சிலர் கருதுவர். உண்மை அதற்கு நேர்மாறானது. கோயம்புத்தூரில் 1912-இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. ஆத்தூர் கிச்சிலிச் சம்பா என்ற உழவர் இரகத்திலிருந்து பிரித்தெடுத்த ஜி.இ.பி. 24 என்ற இரகத்தை 1921-இல் அந்நிலையம் வெளியிட்டது. அதனை கோ 18 உடன் கலந்து உருவாக்கியது டி.கே.எம். 6. அதில் தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணம் இருப்பதைக் கண்ட பிலிப்பைன்ஸ் நாட்டுச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதனைப் பெற்றோர்களுள் ஒன்றாகக் கொண்டு உருவாக்கி, 1969-இல் வெளியிட்டதே ஐ.ஆர். 20. எழுபதுகளில் தமிழகத்து நெல்வயல்களில் பரந்து நின்ற அந்த இரகத்தின் நோய் தாங்கும் ஆற்றல், நம் நாட்டுச் சம்பா நெல்லின் வழிவந்த சொத்தாகும்.

கிச்சிலிச் சம்பாவை 1900-ஆம் ஆண்டிலேயே நம் உழவர்கள் கைவிட்டிருந்தால் இந்த வரலாறு இல்லை. எதிர்காலத்தில் எந்த நோய் வரும், எந்த விதையில் அதற்கு மருந்து இருக்கும் என்பதை இன்று யாராலும் சொல்ல இயலாது. அதனாலேயே எல்லாவற்றையும் காக்க வேண்டியுள்ளது.

ஏன் மறைந்தன?

இத்தனை சிறப்பிருந்தும் அப்பயிர்கள் ஏன் காட்டைவிட்டுப் போயின? உழவர் அறியாமையால் கைவிட்டார் என்று கூறுவது அநீதி. கூட்டுறவுக் கடனும் கொள்முதலும் ரேஷன் அரிசியும் நெல்லுக்கும் பணப்பயிருக்கும் துணை நின்றன. மானாவாரிச் சோளத்துக்கு அத்தகைய துணை மிகவும் குறைவு. கிணற்றில் மின்மோட்டார் வந்ததும், ஏக்கருக்குச் சில மூட்டை சோளம் தந்த நிலம் திராட்சையால் பல மடங்கு பணம் தந்தது.

அதன் பயனை அனுபவித்தவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதற்கான கட்டணமும் பேருந்துக் காசும் திராட்சைத் தோட்டத்துக் கூலியிலிருந்து வந்தவை. சோளக் காடு தந்திருக்க முடியாததைக் கொடிப்பந்தல் தந்தது. எனவே பந்தலைப் பிரித்துவிட்டுச் சோளம் விதையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொன்றும் உண்டு. சோளத்தையும் சாமையையும் உரலில் இட்டுக் குத்திப் புடைத்துச் சோறாக்குவது எத்தனை கடினமான வேலை என்பதை நம் அப்பத்தாமாரைக் கேட்டால் தெரியும். விடியுமுன் எழுந்து குத்தி முடித்துவிட்டுத்தான் காட்டு வேலைக்குச் சென்றார்கள். அரிசி வந்தபோது அவர்களின் தோள்வலி குறைந்தது. அதை இழப்பு என்று அவர்கள் கருதவில்லை.

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் நடந்தது இவ்விடத்தில் கருதத்தக்கது. அங்கு சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலங்களை மரவள்ளி முதலிய பணப்பயிர்கள் பிடித்துக்கொண்டன. 1988-இல் தோன்றிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அம்மலைவாழ் மக்களுடன் சேர்ந்து ஊர் விதை வங்கிகளை அமைத்தது. ஆனால் விதை கொடுத்ததோடு நிற்கவில்லை. தானியத்தை உமி நீக்கவும் மாவாக்கவும் ஊர்களிலேயே சிறு இயந்திரங்களை நிறுவி, மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தவும், விளைபொருளை விற்கவும் வழி செய்தது. பெண்களின் பளு குறைந்தால்தான் பழைய தானியம் அடுப்பங்கரைக்குத் திரும்பும் என்பதே அது தரும் பாடம். உண்பார் இல்லாத இரகத்தை விதைப்பாரும் இருக்கமாட்டார்.

பனிப்பெட்டியில் விதை, வயலில் விதை

விதையைக் காக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, மரபணு வங்கி. 1976-இல் புதுடில்லியில் தோன்றிய தேசியத் தாவர மரபுவள நிறுவனத்தின் வங்கியில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் உள்ளன. நன்கு உலர்த்தி, மைனஸ் 18 டிகிரி செல்சியசில் அவை வைக்கப்படுகின்றன. 1972-இல் ஐதராபாத் அருகே பட்டஞ்செருவில் நிறுவப்பெற்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் சோளத்தில் மட்டும் ஏறத்தாழ 40,000 மாதிரிகளைச் சேர்த்து வைத்துள்ளது. 2008-இல் நார்வே நாட்டு ஸ்வால்பார்டு தீவில் உலக விதைக் காப்பகம் திறக்கப்பட்டது. சிரியா நாட்டுப் போரினால் அலெப்போ அருகிலிருந்த ஆராய்ச்சி நிலையத்தின் விதை வங்கி எட்டாக்கையானபோது, தான் ஒப்படைத்திருந்த மாதிரிகளை அந்நிலையம் 2015-இல் ஸ்வால்பார்டிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. இத்தகைய வங்கிகள் மிக இன்றியமையாதவை.

ஆயினும் உறைந்த விதைக்குக் காலம் நின்றுவிடுகின்றது. மாறிவரும் மழைக்கும் வெயிலுக்கும் அது பழகுவதில்லை. மாதிரியோடு ஊர்ப்பெயரும், சேகரித்த நாளும், சில குணங்களும் பதிவாகின்றன. எந்தப் பட்டம், எந்தக் குழம்பு, எந்த நோன்பு என்பவை பெரும்பாலும் பதிவாவதில்லை. மா, பலா போன்றவற்றின் விதைகளை உலர்த்தினால் உயிர் போய்விடும் ஆதலால் அவற்றை இவ்வாறு வைக்கவும் இயலாது.

மற்றொரு வழி, வயலில் காத்தல். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன் அவர்களின் முறையை உதாரணமாகக் கொள்ளலாம். விழாவிற்கு வரும் உழவருக்கு 2 கிலோ பாரம்பரிய நெல்விதை கொடுக்கப்படும். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த விதை மேலும் இருவருக்குச் செல்லும். விதை ஓரிடத்தில் தூங்காமல் ஊர் ஊராக நடக்கும்; உழவர்கள் ஓரிடத்தில் கூடுவதால் விதையோடு பேச்சும் கைமாறும். இவ்வாறு 170-க்கும் மேற்பட்ட நெல் இரகங்களை அவர் மீட்டார். 2018 டிசம்பர் 6-ஆம் நாள் அவர் மறைந்தார். 2021-இல் தமிழக அரசு பாரம்பரிய நெல் இரகங்களைக் காக்கும் இயக்கத்தை அவர் பெயரால் அறிவித்தது.

எழுதி வைத்தால் என்ன பயன்?

சொல்லை எழுத்தில் ஏற்றுவதால் விளையும் பயனுக்கு மஞ்சள் ஒரு சான்று. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் காப்புரிமை பெற்றது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு அதனை எதிர்த்தது. அது நம் பாட்டிமாருக்குத் தெரிந்த செய்தி என்று வாயால் சொன்னால் காப்புரிமை அலுவலகம் ஏற்காது. பழைய நூல்களையும் அச்சிட்ட கட்டுரைகளையும் எடுத்துக்காட்டிய பின்னரே 1997-இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது.

எழுதுவதிலும் கவனம் வேண்டும் என்பதற்குக் கீழாநெல்லி சான்று. மஞ்சட்காமாலைக்கு நாட்டு மருந்தாக வழங்கும் இச்செடியைப் பற்றிச் சென்னை ஆய்வாளர் தியாகராஜன் முதலியோர் எழுதிய கட்டுரை 1988-இல் லான்செட் இதழில் வந்து உலகின் கவனத்தை ஈர்த்தது. பின்னர் வேறிடங்களில் நடந்த சோதனைகள் அதே பலனைக் காட்டவில்லை. கீழாநெல்லி என்ற ஒரே பெயரில் ஃபில்லாந்தஸ் பேரினத்துச் சிற்றினங்கள் பல பறிக்கப்படுகின்றன. எந்தச் சிற்றினம், எந்த மண், எந்தப் பருவம் என்று குறிக்காமல் பெயரை மட்டும் எழுதினால் அந்தச் சொல் அரைகுறையாகவே நிற்கும். காமாலை கண்டவர் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் கைக்கு எட்டும் பணி

இப்பணிக்குச் சட்டத்தின் துணை உண்டு. 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர் தம் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் விற்கவும் உரிமை அளிக்கின்றது. காப்புப் பெற்ற இரகத்தை வணிகப் பெயரிட்டு விற்க மட்டும் தடை உண்டு. உழவர் இரகங்களைப் பதிவு செய்யவும் இச்சட்டத்தில் இடமுண்டு. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். பதிவேட்டிற்குத் தாள் அரசு தரலாம். அதில் எழுத வேண்டியதைச் சொல்லக்கூடியவர்கள் நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள்.

தாவரவியல் பயிலும் நம்மிடம் இரண்டு சாதனங்கள் உள்ளன. ஹெர்பேரியம் தாள் தயாரிக்கவும் சிற்றினம் கண்டறியவும் வகுப்பறையில் கற்கிறோம். பெரியவர்களின் பேச்சைப் புரிந்துகொள்ளும் காதை ஊர் நமக்குத் தந்திருக்கின்றது. வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு முதலாவது உண்டு; இரண்டாவது எளிதில் வாய்க்காது. நமக்குப் பின் வருவோருக்கு இரண்டாவது கிடைக்குமா என்பது ஐயமே. எனவே நம் கல்லூரி மாணவ மாணவியர் கோடை விடுமுறையில் தத்தம் ஊரில் செய்யக்கூடியவற்றைக் கீழே தருகின்றேன்.

1. எழுபது வயதைக் கடந்த இருவரிடமாவது, அவர்களுள் ஒருவராவது பெண்ணாக இருக்குமாறு, அவர்கள் காலத்துப் பயிர் இரகங்களின் பெயர்களைக் கேட்டு, அவர்கள் உச்சரித்தபடியே எழுதிக்கொள்ளல்.

2. ஒவ்வோர் இரகத்திற்கும் பட்டம், மண், கூட்டுப்பயிர், நாள் கணக்கு, நோய், சேமிப்பு முறை, சமையல், தீவனப் பயன் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்தல். ஏன் கைவிட்டீர்கள் என்ற கேள்வியையும் விடாமல் கேட்டல்.

3. பயிரோ மூலிகையோ கண்ணெதிரே இருந்தால் ஒரு மாதிரியைப் பூவுடன் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டி, நம் பேராசிரியர்களின் துணையால் இனங்காணல்.

4. எவர் வீட்டிலாவது பழைய விதை எஞ்சியிருந்தால், ஒரு பிடி வாங்கி முளைப்புத் திறன் பார்த்து, கல்லூரித் தோட்டத்தில் ஒரு பாத்தியில் விதைத்து, விளைந்ததில் இரு பங்கை அவருக்கே திருப்பித் தரல்.

5. சொன்னவர் பெயரை அவர் சம்மதத்துடன் பதிதல். நாட்டு வைத்தியர் வெளியிட விரும்பாத மருந்து முறையை வெளியிடாதிருத்தல். அது அவருடைய உடைமை.

ஓடைப்பட்டியில் பந்தல் இருக்கட்டும். அதன் கூலியில் இன்னும் பல பிள்ளைகள் கல்லூரிக்கு வரட்டும். பந்தலுக்கு அப்பால், நீர் எட்டாத காட்டோரத்தில் நாலு சால் மொச்சையும் சோளமும் நிற்கவும் இடமுண்டு. நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு ஆழம் போகும் காலத்தில், மழையை மட்டுமே நம்பி விளைந்த அப்பயிர்களின் விவரம் நம் மக்களுக்கு மறுபடியும் தேவைப்படும். அன்று விதையை டில்லியிலிருந்து வரவழைத்துவிடலாம். எந்த நாளில் விதைப்பது, எப்படிப் பொறுக்குவது, எப்படிச் சமைப்பது என்று கேட்க அப்பத்தாமார் இருக்கமாட்டார்கள். ஆகவே மாணவ நண்பர்களே, இந்தக் கோடையிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் அமர்வோம். கேட்டதை எழுதி வருவோம்!